முன்சக்கரத்துக்கு இரண்டு

படாளத்தில் லாரி மோதி எல்லப்பனின் அம்பாசடர் நசுங்கியபோது அவருக்குக் கால் மட்டும்தான் முறிந்தது. வண்டி காயலாங்கடைக்குப் போனது. கால் கூடிவிட்டது, ஆனாலும் ஏழு மாதமாக அவர் புதுப்பட்டினத்து வீட்டுக் கேட்டைத் தாண்டவில்லை.

1998 ஆயுத பூஜையன்று அவர் மனைவி சம்பூர்ணம் காலி ஷெட்டைக் கழுவிக் கோலம் போட்டாள். முன்சக்கரங்கள் நிற்கிற இடத்தில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தாள். வருடாவருடம் வண்டி அவற்றை நசுக்கிக்கொண்டுதான் கிளம்பும்.

“வண்டியே இல்ல, இன்னாத்துக்கு சம்பூர்ணம் பழம்?”

“பதினோரு வருசப் பழக்கம்யா, கை தானா வச்சிடுச்சி. கெடக்கட்டும் வுடு.”

சாப்பிட்டுவிட்டு எல்லப்பன் ஷெட்டுப் பக்கம் போனார். பழங்கள் இரண்டும் தட்டையாக நசுங்கிக் கிடந்தன. சாறு இன்னும் காயவில்லை. கேட் பூட்டியபடியே இருந்தது. இரண்டு ஈரக் கோடுகள் அதன் அடியில் நுழைந்து, தெருவில் மாமல்லபுரம் பக்கம் திரும்பியிருந்தன.

அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு செருப்பைத் தேடி எடுத்து, தூசி தட்டி மாட்டிக்கொண்டார். பூட்டைத் திறந்து, கேட்டின் இரண்டு கதவையும் அகலத் தள்ளினார்.

“எங்கய்யா கெளம்பிட்ட?”

“கேட்ட சாத்தாத சம்பூர்ணம். ரெண்டு பேரும் வந்துடுறோம்.”