கதவுக்கு உள்பக்கம்

“இப்போ வெளியில நின்னு தள்ளு பார்க்கலாம்” என்றாள் அக்கா, கதவுக்கு அடியில் மர ஆப்பைச் செருகிவிட்டு.

வெளியே நின்ற தங்கை முதலில் கையால் தள்ளினாள், பிறகு தோளால் இடித்தாள். கதவு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. உள்ளே கட்டிலில் அக்காவின் பயணப்பெட்டி திறந்தபடி கிடந்தது.

அக்காவுக்கு ஊர் ஊராகப் போய்ப் பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்கிற வேலை. மாதத்தில் பாதி நாள் லாட்ஜ் அறையில் தனியாகத்தான் தூக்கம். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவளைப் பார்த்துச் சொந்தபந்தமெல்லாம் உச்சுக் கொட்டும். ஊர்சுத்தி என்று பெயரும் வைத்திருந்தது. தங்கையோ நல்ல இடத்தில் வாக்கப்பட்டவள். தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாகப் போய்ப் பழக்கமில்லை.

அவள் திடீரென்று வந்து, தனியாகத் தங்கும்போது என்னென்ன செய்வாய் என்று கேட்டதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை கம்பெனி வேலையாக வெளியூர் போயிருந்தார். அந்தச் சாக்கில் கிளம்புகிறாள் போல, கள்ளி என்று நினைத்துக்கொண்டாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியக் கூடாதுக்கா.”

அக்கா சிரித்துவிட்டாள். உற்சாகமாகப் பாடத்தை ஆரம்பித்தாள். செருப்பு கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், செல்போனில் சார்ஜ் இறங்கவே கூடாது. யாராவது வம்பு செய்தால் எதிர்த்து நிற்காதே, கூச்சல் போடு என்றாள்.

தங்கை எல்லாவற்றையும் செய்து செய்து பார்த்தாள். ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு ஆப்பைச் செருகிப் பழகினாள். அது இரண்டு முறை கைதவறித் தரையில் விழுந்தது. முதல் பயணம், பயம் இருக்கத்தானே செய்யும் என்று அக்கா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

“வெளியில நிக்கிற ஆள்கிட்டயும் சாவி இருந்தா?”

“லாட்ஜ்ல எல்லா ரூமுக்கும் அவங்ககிட்ட இன்னொரு சாவி இருக்கும்டி. அதுக்குத்தானே ஆப்பு.”

“எவ்வளவு நேரம் தாங்கும்?”

“நீ கத்தி நாலு பேர் வர்ற வரைக்கும் தாங்கும்.”

தங்கை ஆப்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பெட்டியையும் எடுத்துக்கொண்டு போ, நல்ல சக்கரம், சொன்ன பேச்சைக் கேட்கும் என்று அக்கா நகர்த்தினாள். தங்கை வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அக்காவுக்கு இப்போது நிஜமாகவே கவலை பிடித்துக்கொண்டது. எத்தனையோ லாட்ஜ்காரர்கள் அவளுக்குப் பழக்கம். ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் கூடப்பிறந்தவளைப் போலப் பார்த்துக்கொள்வார்கள்.

“எந்த ஊருக்குடி போறே? அதையாவது சொல்லு.”

தங்கை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

“எங்கயும் போகலக்கா. நாளைக்கு அவர் வீட்டுக்கு வர்றார்.”