கடைசிக் கொக்கி

"மூச்ச இழுத்துப் புடி சுதா" என்றான் ராஜேஷ்.

இழுத்துப் பிடித்தேன். அடுத்த கொக்கியை மாட்டினான்.

என் ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்டும்போது என் புருஷன் என் முகத்தைப் பார்க்க மாட்டான். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான். அரியலூர் சிமெண்ட் ஆலைக்குப் போகிற பஸ் அவன் ஒருவனுக்காக விக்கிரமங்கலத்தில் காத்து நிற்காது.

ஃபிட்டர் கை. முரட்டு விரல்கள். என் மேல் படும்போது மட்டும் முட்டையைத் தொடுவதுபோல் தொடும்.

"ஏண்டா, இன்னுமா மாட்டி முடியல? அப்புடியே சீலையும் கட்டி வுட்டு, பூவும் வச்சு வுட்டுட்டு வா." மாட்டுக் கொட்டகையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"பூ வாங்கிக் குடும்மா, வச்சு வுடுறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு முடக்குவாதம். கிழவிகளுக்கு வருகிற நோவு இந்த வயதில் இவளுக்கு எப்படி வந்தது என்று ஊரே கேட்டது. இது வயது பார்த்து வருவதில்லை என்று பி.எஸ்சி. படித்த நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. எங்கள் வம்சத்தில் முதல் டிகிரி என்னுடையது. சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் போனதும், பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேலையை விட்டேன்.

கல்யாணமான முதல் வருஷமே விரல் கணுவெல்லாம் வீங்கிவிட்டது. ஒருநாள் படுக்கையில் ஆசையாக என் கையைப் பிடித்து இழுத்தான். நான் அலறினேன். எங்கள் அறைக்கும் மாமியார் படுக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டிதான். அவள் எழுந்து லைட்டைப் போட்டாள்.

"என்னடா பண்ணுன அந்தப் புள்ளய?"

அன்றைக்குத் தரையில் பாயை விரித்தவன்தான். இன்னும் கட்டிலில் ஏறவில்லை.

விசாரிக்க வருகிற சொந்தக்காரப் பெண்கள் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவரை குழந்தை கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொல்வேன். அவன்மேல் பரிதாபப்பட்டுவிட்டுப் போவார்கள். என்மேல் யாரும் பட்டதில்லை.

அந்த டாக்டரும் திருச்சியில் என்னை மூட்டு மூட்டாக அழுத்திப் பார்த்தார். முட்டி, மணிக்கட்டு, விரல். பக்கத்தில் யாரும் படுப்பதில்லை என்பது எந்த மூட்டை அழுத்தினால் தெரியும்? அவரும் கேட்கவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

ஆக, அவன் என்னைத் தொடுவது இந்தக் கொக்கிகளுக்காக மட்டும்தான்.

"பஸ் ஏறதுக்குள்ள முடிவு சொல்லணுமாம். ஏஜென்ட் கூப்புடுவாரு" என்றான், கடைசிக் கொக்கியில் விரலை வைத்துக்கொண்டு.

ஓமனில் ஃபிட்டர் வேலை. பாஸ்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பாயில் படுக்கிறவன் அவன். போய்வந்து வீடு கட்ட வேண்டும். தகரத் தட்டி இல்லாத வீடு. எங்கள் அறைக்குக் கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொல்வான்.

"போங்களேன்" என்றேன்.

"போனா இத யாரு மாட்டுவா? எங்கம்மாவா?"

பதில் இருந்தது. எல்லாக் காலையிலும் அது தொண்டைவரை வரும். அவன் விரல் பட்டதும் திரும்பி உள்ளே போய்விடும்.

கடைசிக் கொக்கியும் மாட்டியாயிற்று.

சேலையைச் சுற்றிக்கொண்டு அவன் பின்னால் வாசலுக்கு வந்தேன். கிளம்பும் முன் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பது அவன் வழக்கம். சாப்பாட்டுப் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திருகினான்.

மூடி வரவில்லை.

மறுபடியும் திருகினான். நாளெல்லாம் போல்ட் கழற்றுகிற கை வழுக்கியது. சட்டை நுனியை மூடிமேல் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தான்.

"எம்மா, இத நீயா இப்புடி இறுக்குன?"

"நான் எங்கடா அதத் தொட்டேன்? விடிஞ்சதுலேருந்து மாட்டுக்கிட்ட கெடக்கேன்." பால் செம்போடு வந்து நின்றாள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

அன்று விடிந்ததும் அவன் ஏஜென்டிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். போய்விடுவானோ என்று தட்டி ஓரமாக நின்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்தபோதே என் கைகள் பழைய வழக்கத்தில் பாட்டிலை நிரப்பி மூடியைத் திருகிவிட்டன. வலிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டன. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்ததில் பொங்கலுக்கு முன்பே வீக்கம் வடிந்து, விரல்கள் நன்றாக மடங்க ஆரம்பித்துவிட்டன.

ராஜேஷ் என் கைகளைப் பார்த்தான். முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன், திருடி மாதிரி.

போன் அடித்தது.

"சொல்லுங்க சார்." என்னைப் பார்த்துக்கொண்டே பேசினான். "இல்ல சார், நான் வரல. வூட்ல அதுக்குக் கை சுத்தமா முடியல. ஒரு பாட்டில் மூடியக்கூடத் திருக முடியாது சார்."

வைத்துவிட்டான்.

கதவும் தாழ்ப்பாளும் வைத்த வீடு அந்தப் பேச்சோடு போயிற்று. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவன் மூடியை லேசாகத் திருகிப் பாட்டிலைப் பையில் வைத்தான். செருப்பை மாட்டினான். நாலு அடி போய்விட்டுத் திரும்பினான். இந்த முறை முகத்தைப் பார்த்தான்.

"சுதா, அந்தப் பாயச் சுருட்டி பரண் மேல போட்டுரு."

"அவளால எப்புடிடா முடியும்?" என்றாள் மாமியார்.

அவன் பஸ்ஸுக்கு நடந்தான்; நான் முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்துக்கொண்டு பாயைச் சுருட்ட உள்ளே போனேன்.