பெரியவர்களுக்கும் ஒன்று

"இருபத்தஞ்சு வயசாகுது, ஒரு வீடு பார்த்துக் குடியேறத் துப்பில்ல. எல்லாம் தண்டச்சோறு!"

இளைஞர்கள் சொந்தக் காலில் நிற்க உதவும் செயலியைத் தயாரிக்கும் முதலாளிக்கு, இளைஞர்கள் என்றாலே இளக்காரம்.

"அப்படிச் சொல்லாதீங்க சார்," என்றாள் அலுவலகக் கூட்டத்தில் இருந்த, செயலி ஆய்வுக்குப் பொறுப்பான பெண். "நம்ம செயலியைச் சோதிச்ச ஒரு பொண்ணு, அதை வச்சே வேலை தேடி, வீடு பிடிச்சு, இன்னிக்குக் காலையில குடியேறிட்டா. பேர் மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டா."

முதலாளி மேசையைத் தட்டினார். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்! பெத்தவன் கொடுத்து வச்சவன். அவ பேசினதைப் போடும்மா, எல்லாரும் கேக்கட்டும்."

ஒலிப்பதிவு ஓடியது.

"அப்பாகிட்ட சொல்லல. 'உனக்கு என்ன தெரியும்?'னுதான் ஆரம்பிப்பார். ஆனா அவருக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியாது. துண்டு எங்க இருக்குன்னுகூட என்னைத்தான் கேப்பார். அவர் வயசுக்காரங்களுக்கும் இப்படி ஒண்ணு பண்ணுங்களேன், பாவம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி மட்டும் வெளியே போய், தன் மகளைத் தொலைபேசியில் அழைத்தார்.

அதே குரல்தான் எடுத்தது.

"பயப்படாதீங்கப்பா. அடுப்புல கேஸ் தீர்ந்தா என்ன செய்யணும்னு மெசேஜ் அனுப்பறேன்."