மேல்வீட்டைப் பற்றிய புகார்கள்

மேல்வீட்டுத் தையல்காரியின் மானம் காலை பத்து மணிக்கு இணையதளத்தில் ஏறியது.

தைக்கக் கொடுத்ததை வாங்க வந்த நர்ஸம்மாதான் போனை நீட்டிக் காட்டினாள். யார் யாருடைய ஓட்டு பறிபோனது, எந்தத் தேர்தல் வழக்கு எந்தக் கோர்ட்டில் நிற்கிறது என்று நாள் தவறாமல் போடுகிற தளம் அது. வழக்கில் தாக்கலாகும் காகிதங்களையும் அப்படியே படம் பிடித்துப் போட்டுவிடுவார்கள்.

இன்றைக்குப் போட்டிருந்தது, கீழ்வீட்டம்மா வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதிய புகார்கள். மொத்தம் நாற்பத்தொன்று. அத்தனையும் தையல்காரியைப் பற்றி.

கீழ்வீட்டம்மா பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, பொருள் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

புகார் மூன்று: விடியற்காலை ஐந்து மணிக்கே தையல் மிஷினை ஓட்டுகிறார்.

புகார் ஒன்பது: துணியை ஜன்னலில் உதறுகிறார். என் போர்வை முழுக்க நூல்.

புகார் பதினாறு: வேலை செய்துகொண்டே பாடுகிறார். ஒரே பாட்டு. அதிலும் முதல் இரண்டு வரிதான் தெரியும்.

அதற்குக் கீழே, ஊர் பேர் தெரியாத நானூறு பேர் சிரித்து வைத்திருந்தார்கள். 'பாவம் கீழ்வீட்டம்மா' என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்.

நர்ஸம்மாவுக்கு வேறு சந்தேகம். ஐந்து மணிக்கே மிஷினில் உட்கார்ந்தால் தன் துணி மட்டும் ஏன் நாலு நாள் தாமதம் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தையல்காரி கத்திரிக்கோலை ணங்கென்று மேஜையில் போட்டாள். ஏற்கெனவே பத்து நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாக்காளர் பட்டியலில் அவள் பேரை அடித்துவிட்டு, 'இந்த முகவரியில் வசிக்கவில்லை' என்று எழுதிவிட்டார்கள். அடுத்த வாரம் ஓட்டு. இருபது வருஷமாக ஒரு தடவைகூட அவள் போடாமல் விட்டதில்லை. போனால் போகிறது என்று சும்மா இருக்க முடியுமா? இன்றைக்கு இந்த வீட்டில் இல்லை என்பார்கள், நாளைக்கு இந்த ஊரிலேயே இல்லை என்பார்கள். அவளைப் போலப் பேரைப் பறிகொடுத்தவர்கள் சேர்ந்து போட்ட வழக்கு அன்று மதியம்தான் விசாரணைக்கு வருவதாக இருந்தது.

"சமயம் பார்த்துக் கழுத்தறுத்துட்டா," என்று புருஷனிடம் புலம்பினாள்.

அவன் பதினாறாம் புகாரை இரண்டு தடவை படித்தான்.

"இது உண்மைதானே," என்றான்.

அன்றைய காபியை அவனே போட்டுக் குடிக்கும்படி ஆயிற்று.

தளத்தில் இந்த வழக்கை முதல் நாளிலிருந்து எழுதிவரும் நிருபர் பெண்ணுக்குப் போன் போட்டாள். உடனே அதை எடுத்துவிடச் சொன்னாள். கோர்ட்டில் கொடுத்த காகிதத்தை மறைக்க முடியாது என்று அந்தப் பெண் சொன்னாள். அதுவும், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்த உங்கள் வக்கீல் கேட்டவுடன் அந்தப் புகார்க் கட்டைத் தூக்கிக் கொடுத்ததே கீழ்வீட்டம்மாதான் என்றாள்.

"கொடுப்பா. ஏன் கொடுக்க மாட்டா? எப்படா என்னைக் கிளப்பலாம்னுதானே உட்கார்ந்திருக்கா."

"அக்கா, கொஞ்சம் பொறுமையா யோசிங்க. நீங்க அந்த வீட்டுலதான் இருக்கீங்கன்னு காட்ட உங்ககிட்ட என்ன இருக்கு?"

தையல்காரி யோசித்தாள். கரண்ட் பில் வீட்டுக்காரர் பேரில் இருந்தது. வாடகைக்கு ரசீது கிடையாது. ஒரு கடிதமாவது கொடுங்கள் என்றதற்கு, வரி ஆபீஸ் கண்ணில் பட்டால் வம்பு என்று வீட்டுக்காரர் நழுவிவிட்டார்.

"பதினோரு வருஷமா உங்க பேரு, வீட்டு நம்பர், தேதி எல்லாம் போட்டு எழுதி, வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபால்ல அனுப்பி, நகலோட அந்த ரசீதையும் குத்தி வச்சிருக்கிற ஆளு இந்த உலகத்துலயே அவங்க ஒருத்தர்தான் அக்கா."

தையல்காரி போனை வைத்தாள். திட்டினதையே சாட்சி என்கிறார்கள். இதற்கு நன்றி சொல்வதா, சண்டைக்குப் போவதா? அந்தக் குழப்பத்தில் ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள்.

மூன்று மணிக்குச் செய்தி வந்தது. பட்டியல் சரிபார்க்கும் அதிகாரி மூன்று முறை போய்ப் பார்த்தபோதும் வீடு பூட்டிக் கிடந்தது என்று அரசு வக்கீல் வாதாடினாராம். நீதிபதி புகார்க் கட்டை முழுக்கப் புரட்டினாராம். குடியிருக்காத ஒருவரால் இவ்வளவு தொல்லை கொடுக்க முடியாது என்றாராம். பேரைத் திரும்பச் சேர்க்க உத்தரவு.

தையல்காரிக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியில் மிச்சப் புகார்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கடைசிப் புகாரின் தேதியைக் கண்டதும் இறங்கின கோபம் மறுபடி தலைக்கேறியது. மகளின் பிரசவத்துக்குப் போய் அவளும் புருஷனும் வெளியூரில் தங்கியிருந்த மாதம் அது. வீடு பூட்டிக் கிடந்ததும், அதிகாரி வந்து போனதும் அப்போதுதான்.

விடுவிடுவென்று கீழே இறங்கிக் கதவைத் தட்டினாள்.

"மத்த நாற்பதையும் ஒத்துக்கறேன். ஆனா கடைசியா எழுதினது அண்டப் புளுகு. ஊர்லயே இல்லாதவ மேல்வீட்டுல எப்படிங்க சத்தம் போடுவா?"

கீழ்வீட்டம்மா மூக்குக்கண்ணாடியை நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"சத்தம்னு நான் எழுதினேனா? தேதியைப் பார்த்ததும் ஓடி வந்துட்ட. முதல்ல முழுசாப் படி."

தையல்காரி வாசலில் நின்றபடியே, எழுத்தை விரலால் பெரிதாக்கிப் படித்தாள்.

'புகார் நாற்பத்தொன்று. மேல்வீட்டில் இருபத்தாறு நாளாகச் சத்தமே இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் எப்போது திரும்பி வருவார் என்று விசாரித்து உடனே தெரிவிக்கவும்.'