பொங்காத பால்

“அம்மா ஐந்து மணிக்கு எழுந்தாள். வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். பால் காய்ச்சினாள். என் தலையை வருடி எழுப்பினாள். காபி கொடுத்தாள். தலை பின்னிப் பூ வைத்தாள். டிபன் பாக்ஸைக் கையில் தந்து, நான் தெரு திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.”

அன்புச்செல்வன் படித்து நிறுத்தினார். திருவெறும்பூரில் இந்தப் பள்ளிக்குத் தமிழாசிரியராக வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பதினொன்றாம் வகுப்பை ‘காலையில் என் அம்மா’ என்று எழுதிவரச் சொல்லியிருந்தார். நன்றாக எழுதியவரை ஸ்ரீரங்கத்தில் நடக்கும் போட்டிக்கு அனுப்ப வேண்டும். ஏஐ எழுதியது என்று தெரிந்தால் அந்த ஆளுக்குப் போட்டி கிடையாது. முதல் நாளே சொல்லிவிட்டார்.

இப்போது பெயரைச் சொல்லாமல் கேட்டார். “இது எப்படி? அனுப்பலாமா?”

“ஏஐ சார்! சத்தியமா ஏஐ!” இம்தியாஸ் துள்ளினான்.

“எப்படிடா சொல்றே?”

“எங்கம்மா தலையை வருடுனா எனக்கு ஜுரம்னு அர்த்தம் சார். மத்த நாளெல்லாம் ஃபேனை ஆஃப் பண்ணித்தான் எழுப்புவாங்க.”

வகுப்பே சிரித்தது.

“பால் ஒரு நாளாச்சும் பொங்கி ஊத்தணும் சார்,” என்றாள் ஆஃப்ரின். “சீப்பால மண்டையில ஒரு போடு விழணும். இந்தம்மா வாயைத் தொறந்து ஒரு வார்த்தை திட்டல பாருங்க. அப்படி ஒரு அம்மா எங்க சார் இருக்காங்க? சொல்லுங்க, மாத்திக்கிறேன்.”

அன்புச்செல்வனுக்கும் சிரிப்பு வந்தது. இதைக் கண்டுபிடிக்க அவர் போனில் ஏதேதோ தட்டிப் பார்த்திருந்தார். பிள்ளைகளுக்குப் பொங்காத பாலே போதுமாக இருந்தது.

“சரியாத்தான் பிடிச்சீங்க. அதுக்கு அம்மா கிடையாதில்ல? அம்மான்னா இப்படின்னு ஊர் உலகம் சொல்றதையெல்லாம் சேர்த்து வச்சுச் சொல்லுது. வேறென்ன தெரியும் அதுக்கு?”

தாளை ஓரமாக வைத்தார். “எழுதினவங்க ஏதாவது சொல்லணுமா? திட்டமாட்டேன். போட்டிக்கு மட்டும் வேற ஆள் போகட்டும்.”

கடைசி பெஞ்சில் கனிஷ்கா எழுந்தாள். பக்கத்தில் இருந்த ஆஃப்ரினின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“ஏஐகிட்ட கேக்கல சார். நானேதான் எழுதினேன். நான் பொறந்த அன்னிக்கே அம்மா போயிட்டாங்க. எனக்கும் ஊர் சொல்றதுதான் தெரியும்.”