ஏட்டு வைத்த கஞ்சி

"வண்டியக் கொஞ்சம் நிறுத்து அம்மணி! சித்தூருக்குத்தானே போறீங்க?"

நல்லேப்பிள்ளிச் சாலையில் மாட்டு வண்டியை ஓட்டி வந்த மருதாத்தாள் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். புளியமரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் தூக்குப் போசி, வாய் நிறைய வெற்றிலை.

"மீனாட்சிபுரத்துல இருந்து வர்றேன். வந்த வண்டிக்கு அச்சு முறிஞ்சு போச்சு. கோர்ட்டுக்குப் போகோணும்."

"அட, நாங்களும் அங்கதானுங்க அக்கா போறோம். ஏறுங்க!"

காளியாத்தாள் என்று பேரைச் சொல்லிக்கொண்டே அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டிக்குள் சாய்ந்திருந்த ரத்தினசாமியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொண்டாட்டி வண்டி ஓட்டறா, நீங்க ஜமீன்தாராட்டம் சாஞ்சுக்கிட்டு வர்றீங்களாக்கும் தம்பி?"

ரத்தினசாமி துண்டை விலக்கி வலது கையின் கட்டைக் காட்டினான். "ஒடிஞ்சு போச்சுங்க. போலீஸ் அடி."

அவன் அதோடு நிறுத்திக்கொண்டான். மருதாத்தாள் விடுவாளா? பொரிந்து தள்ளிவிட்டாள்.

"சந்தைக்குக் கடலை கொண்டு போனாருங்க அக்கா. ஒரு ஏட்டு வந்து மூட்டைக்குள்ள கைய உட்டு அள்ளி அள்ளித் திங்கறான். 'காசு குடுங்க'ன்னு கேட்டாரு. அது ஒரு குத்தமா? தடியெடுத்து மொத்தித் தள்ளிட்டான், பாவி!"

இனி ஏர் பிடிக்க ஒரு வருஷம் ஆகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பாட்டக் குத்தகைக்கு எடுத்த நிலம் உழாமல் கிடந்தது. ஆள் வைத்து உழக் காசில்லை. உழாவிட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடும். வேறு வழியில்லாமல்தான் நூறு ரூபாய் நட்டஈடு கேட்டு ரத்தினசாமி வழக்குப் போட்டிருந்தான். போலீஸ் மேலேயே கேஸா, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று ஊரே சிரித்தது.

"எந்த ஏட்டு தம்பி?"

"அப்புசாமின்னு பேருங்க. பெரிய மீசைக்காரன்."

காளியாத்தாள் மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், மாடுகளே மிரண்டு நாலடி ஓடின.

"நூறுதான் கேட்டீங்களா? இருநூறாக் கேட்டிருக்கோணும்!"

"நூறுக்கே வழியில்லீங்க. சந்தையே பாத்துச்சு, சாட்சி சொல்ல ஒரு நாதியில்லை. வர்றேன்னு சொன்ன கடைக்காரன் நேத்தே எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கு ஓடிட்டான். கொச்சி ராஜா சம்மன் வெள்ளைக்காரன் சீமையில செல்லுமா?"

"விடுங்க தம்பி. மொகத்தத் தொங்கப் போடாதீங்க" என்று காளியாத்தாள் போசியைத் திறந்தாள். புளிச்சோறு கமகமத்தது. ரத்தினசாமிக்கு இடது கையில் உண்டை உண்டையாக உருட்டி வைத்தாள். வண்டி ஓட்டிய மருதாத்தாளுக்கு வாயிலேயே ஊட்டிவிட்டாள்.

"கேக்க மறந்துட்டேன், உங்களுக்கு அங்க என்ன சோலிங்க அக்கா?" என்று சோற்றை விழுங்கிவிட்டு மருதாத்தாள் கேட்டாள்.

"எனக்கும் ஒருத்தன்கிட்ட வர வேண்டியது இருக்குது கண்ணு. கேட்டுக் கேட்டு நாக்குத் தேஞ்சு போச்சு. இன்னிக்கு மனுப் போட்டுடலாம்னு கிளம்பிட்டேன்."

சித்தூர் போய்ச் சேரும்வரை மூவருக்கும் பேச்சும் சிரிப்புமாகவே பொழுது போனது. வழக்குக்குப் போகிற வண்டியா, கல்யாணத்துக்குப் போகிற வண்டியா என்று எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கோர்ட்டில் அந்தச் சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது. ரத்தினசாமி நடந்ததைச் சொன்னான். சாட்சி உண்டா என்று முன்சீப் கேட்டபோது, "பொள்ளாச்சிக்கு ஓடிட்டானுங்க" என்றான்.

அடுத்து ஏட்டு அப்புசாமி மீசையை நீவிக்கொண்டே கூண்டில் ஏறினான். கடைசி வரிசையில் மருதாத்தாளுக்குப் பக்கத்தில் இருந்த காளியாத்தாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எசமான், இந்தாளை நான் அடிக்கவே இல்லீங்க. அன்னிக்கு நான் சந்தைப் பக்கமே போகலை" என்றான் ஏட்டு.

"பின்னே எங்கே போனீர்?"

"மீனாட்சிபுரத்துல எங்க மாமனார் ஊட்டுல இருந்தனுங்க. என் சம்சாரத்துக்கு விஷக்காய்ச்சல். நாலு நாளாக் கூடவே உக்காந்து, என் கையால கஞ்சி வெச்சு ஊட்டிவிட்டனுங்க." ஏட்டின் குரல் தழுதழுத்தது.

கூட்டத்தில் இரண்டொருவர் உச்சுக்கொட்டினார்கள். முன்சீப்பின் முகமும் இளகியது. நிலம் போச்சு, எல்லாம் போச்சு என்று மருதாத்தாள் காளியாத்தாளின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"உம்முடைய மனைவி வந்து இதைச் சொல்வாளா?" என்று கேட்டார் முன்சீப்.

"ஆயிரம் தடவை சொல்லுவாளுங்க. ஆனா, பாவம், கட்டிலை விட்டு எந்திரிக்க முடியாமக் கெடக்கறாளே!"

கடைசி வரிசையில் வளையல் சத்தம் கேட்டது. ஏட்டு திரும்பிப் பார்த்தான். மீசை மேல் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"எந்திரிச்சுட்டனுங்க எசமான்!" என்றாள் காளியாத்தாள். "என்னைத் தள்ளி வெச்சு மூணு வருசமாச்சு, ஜீவனாம்சத்துக்கு மனுப் போட வந்தேன். இந்த மனுசன் வெச்ச கஞ்சியக் கொஞ்சம் வரவழைங்க, அது எப்படி இருக்கும்னு நானும் பாக்கறேன்!"