மூன்றாவது வரிசையிலிருந்து

பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நம்ம கோயமுத்தூர் நவநீதன்!"

அவன் ஓடினான். ஒத்திகையில் நடந்து வரத்தான் சொல்லியிருந்தார்கள். கால் கேட்கவில்லை.

எண்ணூறு பேர்.

நகைச்சுவைத் திருவிழாவின் மூன்றாம் நாள். ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. இதுவரை அவன் பேசியதெல்லாம் காபிக் கடை மாடிகளில், நாற்பது பேர் முன்னால். அதிலும் பத்துப் பேர் காபிக்காக வந்தவர்கள்.

மைக்கைக் கையில் எடுத்தான். மகளுக்குப் பெயர் வைக்கக் குடும்பமே கூடி வாட்ஸப் குரூப் தொடங்கிய கதையை ஆரம்பித்தான்.

"நாப்பத்தேழு பேருங்க அந்த குரூப்புல. ரெண்டாம் நாளே என்னைய ரிமூவ் பண்ணிட்டாங்க. கேட்டா, சம்பந்தமில்லாத ஆளுக எதுக்குங்கறாங்க."

அரங்கம் குலுங்கியது.

சிரிப்பு முன்வரிசையில் கிளம்பி, பால்கனி வரை ஏறி, திரும்பி வந்து அவன் மேலேயே விழுந்தது. இப்படி ஒரு சத்தத்தை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.

"மாமனார் கொழந்தையப் பாக்க வந்தாரு. மூக்கு எங்க வீட்டு மூக்குன்னாரு. கண்ணு எங்க வீட்டுக் கண்ணுன்னாரு. மடி நனைஞ்சுது. 'மாப்ள, இந்தாங்க உங்க பொண்ணு'ன்னு நீட்டிட்டாரு."

கைதட்டல் அடங்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்தான். குடிக்கும்போதுதான் பார்த்தான்.

மூன்றாவது வரிசை. ஓரத்து இருக்கை.

கோகிலவாணி.

அவன் மனைவி. தோளில் ஒரு துண்டு. துண்டின் மேல், தூங்குகிற மகள். பிறந்து தொண்ணூற்று நான்கு நாள்.

ஈரோட்டில் தன் அம்மா வீட்டில் இருக்க வேண்டியவள். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அந்த வேகத்திலேயே அடுத்த ஜோக்கைத் தொடங்கிவிட்டான். பதினொரு மேடைகளில் சொன்னது. ஒன்றில்கூடத் தவறாதது. தொடங்கிய பிறகுதான் உறைத்தது, அவள் முன்னால் அதைச் சொன்னதே இல்லை என்று.

நிறுத்த முடியவில்லை.

"என் பொண்ணு மூணு வாரம் முந்தியே பொறந்துட்டாளுங்க. அந்த நிமிஷம் நான் பெங்களூருல மேடையில. அங்க அவ அழுகறா, இங்க ஜனம் கைதட்டுது. நான் எனக்குத்தான்னு நெனச்சுட்டேன்."

எண்ணூறு பேரும் சிரித்தார்கள். பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

கோபமும் தெரியவில்லை. குழந்தையின் முதுகை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வரி அவன் நாக்கு நுனியில் இருந்தது. அதற்கு இதைவிடப் பெரிய சிரிப்பு வரும்.

விழுங்கினான்.

"இது ஜோக்குங்க. நடந்தது வேற."

சொன்னான். அன்று மேடையேறும் முன் போனை அணைத்துப் பையில் போட்டதை. நிகழ்ச்சி முடிந்ததும் வந்தவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டதை. ஓட்டலுக்குப் போய்த் தோசை சாப்பிட்டதை. கை கழுவிவிட்டுப் போனைத் திறந்தபோது இருபத்தாறு அழைப்புகள் இருந்ததை. முதல் நான்கும் அவளுடையவை.

அரங்கத்தில் சத்தமே இல்லை. எங்கோ ஒருவர் இருமினார்.

சிரிக்க வைக்க வந்தவனுக்கு அதைவிடப் பயம் வேறில்லை. ஆனாலும் நின்றான்.

"நான் அன்னைக்கு என்ன பண்ணேன்னு ஊரு ஊராப் போய்ச் சொல்லியிருக்கேன். அந்த நேரத்துல என் சம்சாரம் என்ன பண்ணிட்டிருந்தா? இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்லைங்க."

"உங்க ஜோக்கத்தான் நர்சம்மாகிட்டச் சொல்லிட்டிருந்தேன்."

மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது குரல்.

எண்ணூறு தலைகளும் திரும்பின.

"அவங்க சிரிக்கவே இல்லைங்க."

ஒரு நொடி.

பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போவது போல ஒரு சிரிப்பு. முன்வரிசைக்காரர்கள் நாற்காலிக் கையை அடித்தார்கள். பால்கனியில் எழுந்தே நின்றுவிட்டார்கள். திருவிழாவின் மூன்று நாளிலும் அப்படி ஒன்று எழவில்லை.

அவன் மேடையை விட்டு இறங்கினான். இரண்டிரண்டு படிகளாகத் தாண்டி இறங்கினான். அவள் முன்னால் போய் மைக்கை நீட்டினான்.

"நீ சொல்லு, வாணி."

"அய்யோ, நானா? மாட்டேங்க."

சொல்லிக்கொண்டே குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். துண்டையும் அவன் தோளில் போட்டாள். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு படியேறினாள்.

மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். அது கீச்சிட்டது. பயந்து தள்ளிப் பிடித்தாள். அதற்கே ஒரு கைதட்டல்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு எனக்குப் பனிக்குடம் ஒடைஞ்சுருச்சுங்க. எங்கப்பாவுக்கு ஒரே பதட்டம். பையைத் தூக்கிக் கார்ல வெச்சாரு. வண்டிய எடுத்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போயே சேந்துட்டாரு."

நிறுத்தினாள்.

"நான் வாசல்லயே நிக்கறேன்."

அரங்கம் அலறியது.

அவன் அவளுடைய இருக்கையில் உட்கார்ந்திருந்தான். மகள் விழித்துக்கொண்டு அவன் சட்டைக் காலரைப் பற்றினாள். அவன் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் காதருகே குனிந்தார்.

"அப்புறம் என்னங்க ஆச்சு?"

"தெரியாதுங்க" என்றான் அவன்.